அம்மாவுக்கு மட்டும் ஒரு டிக்கெட்

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் வாயே திறக்காமல் அம்மாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டேன். லைன் சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வந்த கோபத்தில் பேச்சு வரவில்லை. கோபம் உன்மேல் பாதி, என்மேல் பாதி. எதை முதலில் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்துவிட்டு இன்றைக்குப் பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மா கழுகுமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் எழுதி முடித்து, தபாலிலும் சேர்த்துவிட வேண்டும்.

நீ சொன்னது இதுதான். அங்கே வெளிநாட்டில் பறந்து பறந்து நீ சேர்த்த ஏர்லைன்ஸ் கணக்கில் இப்போது ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் பாயிண்ட் இருக்கிறது. அடுத்த கோடைக்குள் இன்னொன்றும் சேர்ந்துவிடும். "ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துருங்கப்பா, பிள்ளைக்கு மொத பிறந்தநாளுக்கு இருந்த மாதிரி ஆச்சு" என்றாய். பிள்ளை பிறக்கப் போவது மாசியில். மருமகளுக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க உன் அம்மாவை விட்டால் ஆள் இல்லை. அது உனக்கும் தெரியும், மருமகளுக்கும் தெரியும். தெரிந்தும் பாயிண்ட் சேரட்டும் என்கிறாய். இந்தக் கூத்தை நான் ஒரு முறை ஆடி முடித்தவன். நீ அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு நாங்கள் சொன்னது நாலு வரி. மீதியை இப்போது சொல்கிறேன்.

தீப்பெட்டி வியாபாரத்தில் நான் வடக்கே போக ஆரம்பித்தபோது எல்லாம் ரயில்தான். கல்கத்தா, பாட்னா, கௌஹாத்தி என்று அலைந்து, ஊர் திரும்பும்போது சட்டைக் காலரில் கரி ஏறியிருக்கும். பிறகு பிரைவேட் விமானங்கள் வந்தன. தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் பிடிக்க எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே நேரத்தில் ஓடுவான், முந்தினவனுக்குத்தான் சரக்கு போகும் என்பதால், "பிளேன்லயே போயிட்டு வா" என்று கம்பெனியை நடத்திய உன் பெரியப்பா சம்மதித்தார். அப்போதுதான் அந்த ஏர்லைன்ஸில் என்னை ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பச் சொல்லி, ஒரு மாதத்தில் அட்டை ஒன்றை அனுப்பினார்கள். நீல நிறம், என் பெயர் பொறித்திருந்தது. பறக்கிற தூரமெல்லாம் மைலாகச் சேரும், சேர்ந்தால் சும்மாவே பறக்கலாம் என்று எழுதியிருந்தது. நான் அதை எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. பஜாரில் அட்டையைப் பார்க்காத கடை இல்லை. உன் அம்மாவிடமும் காட்டினேன். "ஒன்னையும் ஒரு நாள் பிளேன்ல கூட்டிட்டுப் போறேன், ஒத்தப் பைசா செலவில்லாம" என்றேன். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டாள். அவளுக்கு வேறு ஊரே தோன்றவில்லை.

உன் பம்பாய் மாமாவை நீ லீவில் பார்த்திருக்கிறாய். வரும்போதெல்லாம் உனக்குப் பேனா வாங்கி வருவார், உன் தலையில் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஏழு வயதில் தாய் தகப்பன் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மாமாவுக்கு அப்போது பதினாறு. தங்கச்சியைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு பம்பாய்க்குப் போய், ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, அவளைப் படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தார். தனக்குக் கல்யாணம் அதற்குப் பிறகுதான் என்று இருந்தவர். வருஷம் தவறாமல் பங்குனித் திருவிழாவுக்கு வந்துவிடுவார். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய ஆரம்பித்த பிறகு அந்த வரவு நின்றுபோனது. இனி தங்கச்சிதான் போக வேண்டும். போனில் கூப்பிட்டு, "ஏட்டி, எப்ப வாரே? வரையில ரெண்டு பாக்கெட்டு கடலை மிட்டாய் எடுத்துட்டு வா. திங்கக் கூடாதுன்னுட்டாவ, மோந்தாவது பாத்துக்கிடுதேன்" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பாள்.

அவள் அன்றைக்கே ரயிலில் போயிருப்பாள். "ரெண்டு ராத்திரிதான, நான் போயிருவேன்" என்று சொல்லவும் சொன்னாள். நான்தான், இத்தனை மைலைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சாதியை ரயிலில் அனுப்பவா என்று குதித்தேன். பொங்கலுக்குப் போகலாம் என்று ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டேன். முதலில் இங்கிலீஷில் ஒரு பெண்குரல், ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. அமுக்கினேன். பாட்டுப் போட்டார்கள். எஸ்.டி.டி. கால், மீட்டர் ஓடுகிறது, அவர்கள் பாட்டுப் போடுகிறார்கள். கால் மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, பண்டிகை நாட்களில் இலவச டிக்கெட் கிடையாது என்றார். பொங்கலுக்குக் கிடையாது, தீபாவளிக்குக் கிடையாது, கிறிஸ்துமஸ் லீவு, கோடை லீவு எதிலும் கிடையாது. மனிதன் ஊருக்குப் போகிற நாள் ஒன்று பாக்கியில்லாமல் தள்ளி வைத்திருந்தார்கள். சரி, பொங்கல் கழித்துத் தாருங்கள் என்றேன். சீட் இல்லை என்றார். காசு கொடுத்தால் சீட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது சார் என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

மதுரையில் அவர்கள் ஆபீஸ் இருந்தது. நேரில் போய்ச் சண்டை போடுவோம் என்று பஸ் ஏறிப் போனேன். உள்ளே ஏசி, டை கட்டிய ஒரு தம்பி. மரியாதையாகத்தான் பேசினான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மைல் என் பெயரில் இருப்பதால் எனக்கு மட்டும் டிக்கெட் போடலாம், மனைவிக்குப் போட வேண்டுமென்றால் அவர் பெயரை நாமினி என்று முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், பதிந்து அறுபது நாள் ஆகியிருக்க வேண்டும் என்றான். "இது எங்கன தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அட்டையோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்ததைக் காட்டினான். இருந்தது. நான் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்குப் புதூர் பக்கத்துப் பெட்டிக்கடைக்கார அம்மா ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நம் தீப்பெட்டி பண்டலுக்குள் ஒரு வருஷம் கூப்பன் போட்டோமே, அறுபது சேர்த்துக் கொண்டுவந்தால் எவர்சில்வர் குடம் என்று. அந்த யோசனை என்னுடையது. கடைசித் தேதியைக் கூப்பனுக்குப் பின்னால் பொடி எழுத்தில் அடிக்கச் சொன்னதும் நான்தான். பாதிப் பேர் தவறவிடுவார்கள், குடம் மிச்சம் என்பதுதான் கணக்கு. அந்த அம்மா தேதி முடிந்து பத்து நாள் கழித்து, அறுபது கூப்பனையும் நூல் போட்டுக் கட்டி மஞ்சப்பையில் வைத்து, வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள். நான் கூப்பனைத் திருப்பிக் காட்டினேன். "வாங்கையில இத யாரும் சொல்லலியே அண்ணாச்சி" என்றாள். விதி விதிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே முப்பது குடம் அடுக்கி இருந்தது. அவள் ஏசியிருந்தால்கூட மறந்துபோயிருப்பேன். பையை மடித்துக்கொண்டு போனாள். ஏர்லைன்ஸ்காரனைத் திட்டும்போதெல்லாம் எனக்கு நாக்கு கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

அறுபது நாள் முடிந்தது. முடிந்த மறுநாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை போன் போட்டேன். தமிழ் பேசுகிற ஒரு பெண் இருந்தாள், அவள் குரல் கேட்டால் கொஞ்சம் ஆறுதல். "சார், வெள்ளிக்கிழமை ஒரு சீட் இருக்கு, சனிக்கிழமை ஒரு சீட் இருக்கு, ஒரே பிளைட்ல ரெண்டு இல்ல சார்" என்றாள். நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வெளியே வந்து, "ஒண்ணு இருக்குல்லா, எனக்குப் போடச் சொல்லுங்க. ஏத்திவிட்டா நான் போயிருவேன். அங்கன அண்ணன் மகன் வந்து கூட்டிட்டுப் போவான்" என்றாள். அவள் அவ்வளவு தெளிவாக எதையும் என்னிடம் கேட்டதில்லை. நான், இந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, சென்னையில் விமானம் மாற வேண்டும், நீ எங்கே போய் நிற்பாய் என்று கேட்டேன். "வாயிருக்குல்லா, கேட்டுக்கிடுவேன்" என்றாள். அதெல்லாம் உனக்குச் சரிப்படாது என்று முடித்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் வழி தவறிவிடுவாள் என்ற பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. மைல் சேர்த்தது நான், அவள் முதல்முதலாக விமானத்தில் ஏறும்போது பக்கத்தில் இருந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்காக அவளை நிறுத்தி வைத்தேன்.

அதற்கடுத்து ஒரு மாதம் கழித்து அந்தத் தமிழ்ப் பெண் தானாகவே போன் போட்டாள். அவள் குரலிலேயே சந்தோஷம். "சார், ரெண்டு சீட் இருக்கு சார், போக வர ரெண்டுக்கும் இருக்கு. வர்ற செவ்வாய்க்கிழமை." ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் தினசரி காலண்டரைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமை அஷ்டமி. விமானம் புறப்படும் நேரம் சரியாக ராகு காலம். நம் வீட்டில் செவ்வாயும் அஷ்டமியும் சேர்ந்த நாளில் கோணிச் சாக்குக்கூட வாங்க மாட்டோம். முதல் பண்டலை லோடு ஏற்றுவதற்கும் நேரம் பார்க்கிறவர் உன் பெரியப்பா. சும்மாவா அந்த நாளை எனக்குத் தள்ளிவிடுகிறார்கள், யாரும் ஏறாத நாளாகப் பார்த்துத் தருகிறார்கள் என்று எனக்கு வேறு ஆத்திரம். உன் அம்மா பக்கத்தில் வந்து காலண்டரைப் பார்த்தாள். அவளும் இந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான். பிறகு மெதுவாக, "மேலுக்கு முடியாம கெடக்கவியளப் பாக்கத்தான போறோம். நாளு என்னத்துக்குப் பாக்கணும்?" என்றாள். "முடியாம கெடக்க வீட்டுக்கு அஷ்டமியிலயா காலெடுத்து வைக்கச் சொல்லுதே?" என்று நான் கேட்டேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி தன்மேல் வந்துவிடும் என்று நினைத்திருப்பாள். நான் அந்தப் பெண்ணிடம் வேறு நாள் பார்க்கச் சொன்னேன். "சார், இது விட்டா கஷ்டம் சார்" என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் வயதுக்கு அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமல் போனது.

பதினோரு நாள் கழித்து, காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது பம்பாயிலிருந்து போன் வந்தது. மாமா போய்விட்டார். அம்மா அழவில்லை. "இப்பவாவது போவமா?" என்று மட்டும் கேட்டாள். பஜாரில் இருந்த டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டேன். பத்து நிமிஷத்தில் அன்றைக்கே இரண்டு டிக்கெட் கிடைத்தது, முழு விலை. அதே ஏர்லைன்ஸ், அதே விமானம். ஒருவரும் பாரம் நிரப்பச் சொல்லவில்லை, நாமினி கேட்கவில்லை, பாட்டுப் போடவில்லை. நாங்களும் நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை, காரைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கு ஓடினோம். சென்னையில் மாறி ஏறியபோது பார்த்தேன், விமானத்தில் பாதி இருக்கைகள் காலி. எங்களுக்கு முன்வரிசையில் ஒருவரும் இல்லை, பின்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் மூன்று இருக்கையிலும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தார். ஆறு மாதமாக எங்களுக்கு இல்லை என்று சொன்ன சீட் எல்லாம் அங்கே சும்மா பறந்துகொண்டிருந்தது. எனக்கு எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? தண்ணீர் கொண்டுவந்த பெண்ணிடமா?

ராத்திரிதான் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்காகத்தான் வைத்திருந்தார்கள். மாமாவின் பெஞ்சாதி, உன் அத்தை, உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதபடி சொன்ன ஒரு சொல்லை நான் இன்றைக்கு வரைக்கும் உன்னிடம் சொல்லவில்லை. "கடைசி வாரம் பூரா ஒன்னத்தான் கேட்டாவ, மதினி. ரயில்ல வாரவளுவ ரெண்டு நாள்ல வந்துருதாளுவ, பிளேன்ல வாரவளுக்கு ஏன் ஆறு மாசம் ஆகுதுன்னு கேட்டாவ." குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். உன் அம்மா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கொஞ்சம் தப்பித்திருப்பேன்.

அடுத்த மாதம் ஏர்லைன்ஸிலிருந்து ஒரு கவர். பம்பாய் போய்வந்த பயணத்துக்காக என் கணக்கில் புது மைல் சேர்ந்திருக்கிறதாம், வாழ்த்துகள் என்று போட்டிருந்தது. நான் அதைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தேன். அம்மா கவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். "எங்க அண்ணன் செத்ததுக்கும் போட்டுட்டாவளா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதில்லை. திருச்செந்தூருக்குக்கூடத் தெருப் பெண்களோடு பஸ்ஸில் போய்விட்டு வருவாள். நானாகக் கேட்டால், "ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்பாள். மைலெல்லாம் வருஷக் கடைசியில் காலாவதியாகிவிட்டது. அதற்கும் ஒரு கவர் அனுப்பினார்கள்.

நீ படித்தவன், உங்கள் ஊரில் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒழுங்காக நடக்கும் என்று சொல்லுவாய். இருக்கட்டும். அவன் கொடுக்கிற நாள் அவனுக்கு வேண்டாத நாளாகத்தான் இருக்கும், எந்த ஊரிலும். கூப்பன் அடித்தவன் சொல்லுகிறேன், கேட்டுக்கொள். சும்மா கிடைக்கிறது என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது, ஐயா. காசாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே எடுத்துச் செலவழித்திருப்பேன். மைலாக இருந்ததால் வீணாக்கக் கூடாது, சரியான சமயத்துக்கு, சரியான முறையில், இரண்டு பேருமாக என்று பூட்டியே வைத்திருந்தேன். அவர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ஒரு சீட் கொடுத்தார்கள், இரண்டு சீட்டும் கொடுத்தார்கள், இரண்டையும் வேண்டாம் என்றவன் நான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே உன் கணக்கில் இருப்பதை எடுத்து அம்மாவுக்கு மட்டும் ஒரு டிக்கெட் போடு. எனக்காகக் காத்திருக்காதே. தையில் வருகிற மாதிரி போடு, பிள்ளை முன்கூட்டியே வந்தாலும் வரும். செவ்வாயா, வெள்ளியா என்று என்னிடம் கேட்காதே. அந்த நாளில் இல்லை, இந்த நாளில் இல்லை என்று அவர்கள் இழுத்தால் ஒரு நாளைக்கு மேல் மன்றாடாதே, விலைக்கு வாங்கிவிட்டு எனக்குச் சொல், நான் அனுப்புகிறேன். இரண்டு இடத்தில் மாற வேண்டும், பாஷை தெரியாது என்று உனக்கும் தோன்றும். வாயிருக்கிறது, கேட்டுக்கொள்வாள். பாஸ்போர்ட் விஷயமெல்லாம் நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். சோற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுத் தயங்குவாள், பஜாரில் மெஸ் இருக்கிறது என்று நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் நம்ப மாட்டாள். நான் சொல்லி அவள் நம்பிக் கிளம்புகிற காலம் போய்விட்டது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இன்னொன்று. டிக்கெட் போடும்போது ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கு. பம்பாய்க்குப் போனபோது அவளுக்கு ஜன்னல் ஓரம்தான் கிடைத்தது. மேகம் எல்லாம் கீழே கிடந்தது. வெளியே பார் என்று ஒரு தடவை சொன்னேன். மதுரையிலிருந்து பம்பாய் வரைக்கும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள்.

அப்பா